கிபேராவின் குழந்தைகளும் இரண்டு வார விருந்தாளிகளும்

கிபேராவின் சந்துகளில் வெளிநாட்டவர் ஒருவர் நுழைந்தால் போதும், வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகள் "ஹவ் ஆர் யூ, ஹவ் ஆர் யூ" என்று ராகம் போட்டுக் கூவத் தொடங்கிவிடுவார்கள். நைரோபியின் இந்தக் குடிசைப் பகுதிக்குப் போய்வந்த பலரும் பதிவு செய்திருக்கும் காட்சி இது. இன்னும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளைக்குக்கூட அந்த ஒரு வாக்கியம் தெரியும். விருந்தாளிகள் அத்தனை காலமாக, அத்தனை அடிக்கடி வந்துபோகிறார்கள்.

பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேருமுன் ஓராண்டு இடைவெளி எடுத்துக்கொள்ளும் இங்கிலாந்து மாணவர்கள், அமெரிக்கத் தேவாலயக் குழுக்கள், விடுமுறைக்கு வரும் கனடா, ஆஸ்திரேலிய இளைஞர்கள் என்று பலரும் வருகிறார்கள். இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம் தங்குவார்கள். ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்கான கட்டணம், விமானச் சீட்டு, தடுப்பூசி எல்லாமே பெரும்பாலும் அவர்களின் சொந்தச் செலவு. அவர்களுடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் குழந்தைகளுக்காகச் செய்யும் எந்த வேலையையும் செய்தவரின் மனதை வைத்து எடைபோட முடியாது. அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்க வேண்டும்.

கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளையும் சட்ட மாற்றங்களையும் கென்யர்கள் தாங்களே எழுதியவற்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. நைரோபியின் ஏழைக் குடியிருப்புகளில் அநேகமாக எந்தக் குழந்தைக்குப் பின்னாலும் ஒரு பெரியவர் இருக்கிறார். அம்மா, பாட்டி, சித்தி, டீச்சர், தெருவுக்குப் பொறுப்பான சுகாதாரப் பணியாளர் என்று யாராவது ஒருவர். அவரைத் தாண்டி நேரே குழந்தையிடம் போன உதவி பெரும்பாலும் வீணாகியிருக்கிறது, சில இடங்களில் கேடாகவும் முடிந்திருக்கிறது. அவர் வழியாகப் போன உதவி நிலைத்திருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகர மையத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கிபேரா. பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய நூபிய வீரர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியமர்த்தப்பட்ட காட்டு நிலம் இது. நிலத்துக்கான பட்டா அவர்களுக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை. பிற்பாடு மேற்குக் கென்யாவிலிருந்து வேலை தேடி வந்த லூவோ, லுஹ்யா மக்களும் இன்னும் பலரும் இங்கே வாடகைக்குக் குடியேறினார்கள். மண் சுவர், தகரக் கூரை, பத்துக்குப் பத்தடி அறை, அதில் ஒரு குடும்பம்.

இங்கே பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்களும் நன்கொடைக் கடிதங்களும் எழுதிவந்தன. 'ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சேரி' என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டது. 2009ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்ன எண்ணிக்கை 1,70,070. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் பத்து லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் தகரக் கூரையின் கீழ் வாழ்வதே போதுமான துயரம், அதைப் பெருக்கிச் சொல்லத் தேவையே இல்லை. ஆனால் பெருக்கிச் சொன்னதில் ஒரு சித்திரம் உருவானது: எண்ணி மாளாத கூட்டம், நாதியற்ற குழந்தைகள், யாராவது வந்து தூக்கிவிடக் காத்திருக்கும் இடம். கிபேராவில் வாரச் சீட்டு பிடிக்கும் பெண்கள் குழுக்கள் உண்டு. தேவாலயங்கள், மசூதிகள், தையல் கடைகள், சலூன்கள், எம்-பேசா பணப் பரிமாற்றக் கடைகள், சந்துக்குச் சந்து பள்ளிக்கூடங்கள் எல்லாம் உண்டு. அந்தச் சித்திரத்தில் இவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று.

பார்க்கப்படுகிறவரின் பக்கத்திலிருந்து இதைச் சொன்னவர் கென்னடி ஒடேடே. கிபேராவில் வளர்ந்தவர். 2010இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில் தன் 16ஆம் வயதில் நடந்ததை விவரித்தார். வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரைப் படம் பிடித்திருக்கிறார். ஒடேடே அப்போது சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. படம் பிடித்தவர் கிளம்பிப் போய்விட்டார். அந்தக் கட்டுரையின் இலக்கு சேரிச் சுற்றுலா. ஆனால் தன்னார்வப் பணி என்ற பெயரில் வருகிறவர்களின் செல்போன்களில் சேரும் படங்களுக்கும் அது பொருந்தும். தன் வீட்டுத் தெருக் குழந்தையைப் பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்ட யாரும் துணிவதில்லை. கிபேராக் குழந்தைக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு ஏன் தளர்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வருகிற தன்னார்வலர்களை அதிகம் அனுப்புவது பள்ளிக்கூடங்களுக்கு. 2003 ஜனவரியில் கென்ய அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. சுமார் 59 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 72 லட்சமாக ஏறியது. குடிசைப் பகுதிகளுக்குள் அரசுப் பள்ளிகள் மிகக் குறைவு. அருகில் இருந்தவையும் நிரம்பி வழிந்தன. அதனால் இலவசக் கல்வி வந்த பின்னும் நைரோபிச் சேரிப் பிள்ளைகளில் பாதிப் பேர் அளவில் சிறு கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலும் சமூகப் பள்ளிகளிலும் படிப்பதை ஆப்பிரிக்க மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வு மையம் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறது. அந்தப் பகுதிக்காரர் ஒருவர், பல நேரம் ஒரு பெண், தகரக் கொட்டகை போட்டுத் தொடங்கியவை அவை. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே பலகைத் தடுப்புதான், மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாடு நான்காம் வகுப்பில் கேட்கும். முற்பகல் இடைவேளையில் மக்காச்சோளக் கஞ்சி. கட்டணம் வராத மாதத்தில் டீச்சருக்குச் சம்பளமும் வராது. 2019 செப்டம்பரில் நைரோபியின் ஙாண்டோ பகுதியில் மரமும் தகரமுமாகக் கட்டிய இப்படியொரு பள்ளி காலை வகுப்பு நேரத்தில் இடிந்து விழுந்து குறைந்தது 7 பிள்ளைகள் இறந்தார்கள்.

இந்த வகுப்பறைக்குள் பத்தொன்பது வயதுத் தன்னார்வலர் வருகிறார். ஆசிரியர் பயிற்சி இல்லை. சுவாஹிலி தெரியாது. நைரோபிப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் ஷெங் கலப்பு மொழி அதைவிடத் தெரியாது. 2017இலிருந்து கென்யா படிப்படியாகக் கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பாட்டு, விளையாட்டு, படம் வரைதல் என்று இரண்டு வாரம் உற்சாகமாகப் போகிறது. அடுத்த குழு வருகிறது, அதே பாட்டிலிருந்து மறுபடி தொடங்குகிறது. வகுப்பு ஆசிரியை ஓரமாக நிற்கிறார். பிள்ளைகள் முன்னிலையில் அவருடைய இடம் சிறுத்துப்போகிறது, பாடம் பின்தங்குகிறது, வந்தவர் போன பிறகு அதை இழுத்துப் பிடிப்பதும் அவர் தலையில்தான் விழுகிறது. நன்கொடையை எதிர்பார்க்கும் பள்ளி நிர்வாகியால் வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை.

இதே வகுப்பறைகளில் உண்மையில் பலன் தந்தது எது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2011இல் கென்யாவில் தொடங்கிய 'பிரைமர்' என்ற பரிசோதனைத் திட்டம், நைரோபியின் இத்தகைய குறைந்த கட்டணப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டது. பிள்ளைக்கு ஒரு பாடநூல், ஆசிரியருக்கு அன்றாடப் பாடக் குறிப்பு, வகுப்புக்கு வந்து பார்த்து உதவும் பயிற்றுநர் என்று மூன்றும் ஒன்றாகக் கிடைத்த இடங்களில் வாசிப்புத் திறன் தெளிவாக உயர்ந்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் 2015இல் 'டுசோமே' திட்டம் நாடு முழுதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகப் பள்ளிகளுக்கும் போனது. அமெரிக்க அரசின் பணமும் வெளிநாட்டு வல்லுநர்களின் உழைப்பும் அதில் இருந்தன. ஆனால் குழந்தைகளின் முன்னால் நின்றது அவர்களுடைய சொந்த டீச்சர். எனக்கு இது மிக முக்கியமான வேறுபாடாகப் படுகிறது.

பள்ளியில் இந்த விருந்தாளிகளால் நடப்பது பெரும்பாலும் கால விரயம். குழந்தைகள் இல்லங்களில் நடப்பது அதைவிடக் கடுமையானது.

அனாதை என்ற கணக்கிலேயே சிக்கல் இருக்கிறது. யுனிசெஃப் தன் புள்ளிவிவரங்களில் தாய் தந்தையரில் ஒருவரை இழந்த குழந்தையையும் அனாதை என்றே எண்ணுகிறது. 2015இல் உலகெங்கும் சுமார் 14 கோடி அனாதைகள் என்று அது சொன்னபோது, இருவரையும் இழந்தவர்கள் அதில் ஒன்றரைக் கோடி அளவே இருந்தார்கள். இல்லங்களில் வாழும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பதாக 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009இல் எழுதியது. கென்யாவிலும் வறுமையும் பள்ளிச் செலவும்தான் பல குழந்தைகளை இல்லத்துக்கு அனுப்புகின்றன. அங்கே போனால் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று நம்பி ஒரு தாய் தன் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறாள். இல்லத்தில் பிள்ளைகள் இருந்தால்தான் விருந்தாளிகள் வருவார்கள், விருந்தாளிகள் வந்தால்தான் பணம் வரும். இந்தச் சுழற்சி ஒருமுறை பிடித்துக்கொண்டால், பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப யாருக்கும் அவசரம் இருக்காது.

ஆறு மாதக் குழந்தைக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் மாறாத ஒரு முகம் வேண்டும். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கையிலிருந்து இது மனநல அறிவியலின் அடிப்படைப் பாடம். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000த்தை ஒட்டித் தொடங்கிய ஆய்வு இதை மிகக் கறாராகச் சோதித்தது. ஆறு இல்லங்களிலிருந்து 136 சிறு குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, மற்றப் பாதியை அன்றிருந்த பராமரிப்பிலேயே தொடரவிட்டு, இரு சாராரையும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் மன நலமும் மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். இல்லத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் பலரிடம், முன்பின் தெரியாதவரிடமும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் பழக்கம் காணப்பட்டது.

தன்னார்வலர்களின் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்று உண்டு: நான் உள்ளே நுழைந்ததுமே ஒரு குழந்தை ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. எழுதுகிறவருக்கு அது அன்பாகத் தெரிகிறது, வாசிக்கிறவரும் நெகிழ்கிறார். வீட்டில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் அப்படிச் செய்யாது. புது ஆளைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வெளியே வரும். அறியாதவரின் மடியில் உடனே ஏறும் குழந்தை நமக்குச் சொல்வது, தனக்கென்று நிலையான ஆள் இல்லை என்பதைத்தான். தென்னாப்பிரிக்க ஆய்வாளர் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010இல் எழுதிய கட்டுரை இதைத் தென்னாப்பிரிக்கச் சூழலில் வைத்துப் பேசியது. எய்ட்ஸ் அனாதைகளைப் பராமரிக்கக் குறுகிய காலத்துக்கு வருகிறவர்கள் நெருக்கத்தை உண்டாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏற்கெனவே இழப்பைச் சந்தித்த குழந்தை அதையே மறுபடி மறுபடி சந்திக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இளம் குழந்தைகளின் பராமரிப்பில் இத்தகையவர்களை ஈடுபடுத்தவே கூடாது என்பது அவர்கள் வைத்த வாதம்.

பாதுகாப்பு என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து இளைஞர் ஒருவர் நைரோபியிலுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தன்னார்வலராகப் பலமுறை போய்வந்தார். அங்கிருந்த குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிந்ததாக அமெரிக்க நீதிமன்றத்தில் நிரூபணமாகி, 2016இல் 40 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பெரும்பாலான தன்னார்வலர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து குழந்தையைத் தூக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் இடத்தில், தவறான ஆள் நுழையும்போது தடுக்க ஒன்றும் இருக்காது.

இந்தப் புரிதல் மெல்லச் சட்டத்துக்குள்ளும் வந்தது. 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று, அனாதை இல்லங்களை நிரப்பக் குழந்தைகளைக் கடத்துவதை நவீன அடிமைமுறையோடு சேர்த்துப் பேசியது. அதையொட்டி, இல்லங்களுக்குத் தன்னார்வலராகப் போக வேண்டாம் என்று அந்நாட்டு அரசே பிரச்சாரம் செய்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையின் குழந்தை உரிமைத் தீர்மானம் அனாதை இல்லத் தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட்டது. கென்யா 2014 நவம்பரில் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது, 2017இல் புதிய இல்லங்களின் பதிவை நிறுத்தியது, 2022இல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இல்லங்களிலிருந்து பிள்ளைகளைக் குடும்பங்களுக்கும் உறவினருக்கும் திரும்பக் கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம்.

பண விஷயத்தைத் தொடாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. கென்ய அரசு 2004இல் ஒரு திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. பெற்றோரை இழந்த குழந்தையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏழைக் குடும்பத்துக்கு நேரடியாக ரொக்கம் தருவது. தொகை பின்னர் மாதம் 2,000 ஷில்லிங் ஆனது. எப்படிச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் பெரிதாக இல்லை. இதன் பலனை மதிப்பிட்ட ஆய்வுகளில், வளர்ந்த பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் தொடர்வது கூடியிருப்பது தெரிந்தது. டாலருக்கு 130 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால் 1,000 டாலர் என்பது ஒரு குடும்பத்துக்கு 65 மாதத் தொகை. பாட்டி ஒருத்தி தன் பேரப் பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பாமல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தன்னோடே வைத்துக்கொள்ள உதவும் பணம் அது. இரண்டு வாரப் பயணத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே செலவாகிறது.

போய்ப் பார்த்தவர்கள்தானே ஊர் திரும்பி ஆண்டுக்கணக்கில் நிதி திரட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அப்படி நீடித்து உதவுகிறவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஆனால் வளர்ந்தவர் ஒருவரின் மனம் திறப்பதற்கான விலையை மூன்று வயதுக் குழந்தை தர வேண்டியதில்லை. தவிர, கிபேராப் பிள்ளைகளின் படிப்பை நிஜமாகவே குலைத்த சம்பவங்களை இந்தப் பயணங்கள் தடுக்கவும் இல்லை. 2018 ஜூலையில் ஒரு சாலைக்காகக் கிபேராவின் ஒரு பகுதியை அரசு புல்டோசர் கொண்டு இடித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன, பள்ளிகளும் தரைமட்டமாயின. நிலத்தின் மேல் உரிமை இல்லாதவரை எந்த வகுப்பறைக்கு யார் வண்ணம் பூசினாலும் அது ஒரே காலையில் இல்லாமல் போகலாம்.

வெளியிலிருந்து வந்தவர்கள் நல்லது செய்த கதைகளும் நைரோபியில் இருக்கின்றன. 1987இல் கனடாக்காரரான பாப் மன்றோ, மத்தாரே குடிசைப் பகுதியில் இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கக் காரணமாக இருந்தார். விருந்தாளியாக வந்துபோனவர் இல்லை அவர், நைரோபியில் வாழ்ந்தவர். கால்பந்து அணிகள் தங்கள் தெருக் குப்பையை அள்ளினால் அதற்கும் லீக் பட்டியலில் புள்ளி உண்டு என்பது சங்கத்தின் விதி. பொறுப்புகளை இளைஞர்களே ஏற்று நடத்தினார்கள். அங்கிருந்து உருவான மத்தாரே யுனைடெட் அணி 2008இல் கென்யாவின் முதன்மை லீக்கை வென்றது. 2009இல் வந்த இரண்டு வெளிநாட்டவர் வேறொரு வழி கண்டார்கள். அப்போது பொது வரைபடங்களில் கிபேரா இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர்கள் உள்ளூர் இளைஞர்கள் 13 பேருக்கு ஜி.பி.எஸ். கருவியைக் கையில் கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். அந்தப் பிள்ளைகள் நடந்து நடந்து குடிநீர்க் குழாய், கழிப்பறை, மருந்துக் கடை, பள்ளி என எல்லாவற்றையும் குறித்தார்கள். 'மேப் கிபேரா' உருவானது. வந்தவர்களிடம் திறமை இருந்தது, அதைப் பெரியவர்களிடமும் இளைஞர்களிடமும் ஒப்படைத்தார்கள். உள்ளிருந்தே எழுந்த முயற்சியும் உண்டு: ஒடேடே 2004இல் தொடங்கிய ஷோஃப்கோ அமைப்பு, குழாய்களைக் கம்பங்களின் மேல் கொண்டுபோய்க் கிபேராவுக்குத் தண்ணீர் தருகிறது, பெண் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி நடத்துகிறது. 2018இல் ஹில்டன் மனிதநேயப் பரிசைப் பெற்றது.

தன்னார்வலர் என்றால் நம் மனதில் விமானத்தில் வருகிறவரே தோன்றுகிறார். கிபேராவின் உண்மையான தன்னார்வலர்கள் அங்கேயே வசிக்கிறார்கள். வீடு வீடாகப் போய் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, கர்ப்பிணி மருத்துவமனைக்குப் போனாளா என்று விசாரிக்கும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் உழைத்தார்கள். 2023 செப்டம்பரில்தான் கென்ய அரசு நாடு முழுதும் ஒரு லட்சம் பேருக்கு முறையான மருத்துவக் கருவிப் பையைக் கொடுத்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகள், எடைக் கருவி, செல்போன் எல்லாம் அதில் உண்டு. ஒருவர் பொறுப்பில் சுமார் 100 வீடுகள். அப்போது ஊக்கத்தொகை மாதம் 5,000 ஷில்லிங்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இந்தப் பயணங்களின் துண்டறிக்கைகள் போகின்றன. நம் ஊரிலிருந்தும் மாணவர்கள் வெளிநாட்டுத் தன்னார்வத் திட்டங்களில் சேர்கிறார்கள். போக விரும்பும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். நம் ஊர்ப் பள்ளியில் பயிற்சி இல்லாத வெளிநாட்டு இளைஞர் ஒருவர் மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்ள நாம் சம்மதிப்போமா என்று மட்டும் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். போகிற இடத்தில் யாருக்குப் பக்கத்தில் நின்று, எந்தத் திறமையைக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று அனுப்பும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதிலில் அந்த ஊர் டீச்சரோ செவிலியரோ இல்லாமல், குழந்தைகளின் படம் மட்டும் இருந்தால் பணம் கட்ட வேண்டாம். அனாதை இல்லம் என்று இருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம். அந்தத் தொகையை, குழந்தைகளைத் தங்கள் குடும்பத்தோடு சேர்த்து வைக்கப் பாடுபடும் உள்ளூர் அமைப்பு ஒன்றுக்கு அனுப்புங்கள். ஒரு முறையோடு நிறுத்தாமல் ஆண்டுதோறும் அனுப்புங்கள்.